வெள்ளம் திரும்பும் நேரம்

மார்கழி பிறந்துவிட்டால் மட்டாஞ்சேரியில் என் சித்தப்பா மாலை ஐந்து மணிக்கே கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொள்வார். நாற்பது ஆண்டுகள் அங்கே மிளகும் சுக்கும் எடைபோட்டவர். டிசம்பர் கடைசியில் கொச்சியில் பகல் வெயில் 32 டிகிரியைத் தொடும். விடியற்காலையில் 22, 23 டிகிரிக்கு இறங்கும். மேட்டுப்பாளையத்துக்காரர் யாரும் இதைக் குளிர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் சீனவலையின் பலகைமேல், ஈரக் கையோடு, இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்த பிறகுதான் அந்த மப்ளரின் அருமை எனக்குத் தெரிந்தது.

சூரியன் ஆறு மணி தாண்டிச் சில நிமிடங்களில் கடலுக்குள் இறங்கிவிட்டது. வலையில் ஐந்து பேர் இருந்தார்கள். மூத்தவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். மற்றவர்கள் எல்லோரும் அவரைச் சேட்டன் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் வானத்தையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. பலகை இடுக்கிலிருந்து ஒரு துண்டு தேங்காய் நாரைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டார். நார் போட்ட இடத்திலேயே கிடந்தது. இரண்டு பீடி பிடிக்கும் நேரம் கழித்து இன்னொரு துண்டு போட்டார். அது தயங்கித் தயங்கிக் கிழக்கே, காயல் இருக்கும் திசையில் நகர்ந்தது.

“வெள்ளம் திரிஞ்ஞு, மோனே” என்றார்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற தண்ணீரும் அதுதான், கடல்தண்ணீரும் அதுதான். தண்ணீர் திரும்பிவிட்டது, கடல் ஏறும் வேலியேற்றம் தொடங்கிவிட்டது என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் வலையை இறக்கினார்கள்.

படகில் போகிறவன் மீனைத் தேடிப் போகலாம். கரையில் நிற்கிறவனால் நகர முடியாது. தூண்டில் போடுகிறவனானாலும், வீச்சுவலைக்காரனானாலும், இந்தச் சீனவலைக்காரர்களானாலும், கடல்தான் அவர்களிடம் வர வேண்டும். அதனால் கடலை நகர்த்துகிற அத்தனையையும் அவர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அன்று இரவு அந்தப் பலகையில் உட்கார்ந்து நான் பார்த்தவற்றுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்தக் குளிர். கையைக் கடலுக்குள் விட்டால் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. டிசம்பரிலும் கொச்சிக் கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 28 டிகிரியில் இருக்கும். கையை வெளியே எடுத்ததும் நடுங்கியது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் வெப்பம் போதும். அதே ஒரு கிராம் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,400 ஜூல் வேண்டும். ஈரத் தோலின்மேல் காற்று படும்போது அந்த வெப்பம் நம் உடம்பிலிருந்து போகிறது. ராத்திரி முழுக்கக் கயிறு இழுக்கிறவர்களின் கை ஒரு நிமிடம்கூடக் காய்வதில்லை. வெப்பமானி என்ன காட்டினாலும் அவர்களுக்கு அது குளிர்தான்.

காற்றும் அந்த நேரத்தில்தான் மாறுகிறது. பகலில் தரை விரைவில் சூடாகும், கடல் மெல்லத்தான் சூடாகும். தரைமேல் உள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. இரவில் தரை விறுவிறுவென்று ஆறிவிடும். கடல் பகலில் வாங்கிய வெப்பத்தை அப்படியே வைத்திருக்கும். இப்போது காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. மழைக்காலத்தில் பருவக்காற்றின் வேகத்தில் இந்த அன்றாட மூச்சு நமக்குத் தெரிவதே இல்லை. வானம் வெளுத்து, பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் வரும் மார்கழியில் நன்றாகத் தெரியும். ஏழு, எட்டு மணி வாக்கில் கடற்காற்று ஓய்ந்து, கொஞ்ச நேரம் ஒன்றுமே அசையாது. பிறகு முதுகுப் பக்கத்திலிருந்து, ஊர்ப் பக்கத்திலிருந்து, ஒரு சில்லென்ற காற்று வரும். பாய்மரக் காலத்தில் மீனவர்கள் இந்தக் காற்றில்தான் விடியுமுன் கடலுக்குப் போனார்கள். மத்தியானக் கடற்காற்றில் கரைக்குத் திரும்பினார்கள்.

சீனவலையை யார் கொண்டுவந்தார்கள் என்பதில் இரண்டு கதைகள் உண்டு. சீனக் கடலோடிகள் என்று ஒன்று, சீனாவின் மக்காவ் நகரிலிருந்து வந்த போர்த்துகீசியர்கள் என்று இன்னொன்று. எனக்கு அதைவிட அது வேலை செய்யும் விதம்தான் பெரிய விஷயமாகப் பட்டது. பத்து மீட்டருக்கும் குறையாத உயரம், இருபது மீட்டர் அகலத்துக்கு விரியும் வலை. ஒரே ஒரு ஆள் நடு மரத்தின்மேல் தண்ணீரை நோக்கி நடந்து போனால் போதும், அந்த முழு அமைப்பும் தலை குனிந்து வலையைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறது. மறுமுனையில் கயிறு கயிறாகக் கருங்கற்கள் தொங்குகின்றன. ஒவ்வொரு கல்லும் ஒரு பெரிய தேங்காயைவிடப் பருமன். எல்லாக் கயிறும் ஒரே நீளம் இல்லை, அதில்தான் நுட்பம் இருக்கிறது.

வலையை மேலே இழுக்கத் தொடங்கும்போது தண்ணீர் அதைப் பிடித்து வைக்கும். அப்போதுதான் கற்களின் உதவி அதிகம் தேவை, அப்போது எல்லாக் கற்களும் தொங்கிக்கொண்டிருக்கும். வலை மேலே வர வர, நீளக் கயிற்றில் உள்ள கல் முதலில் தரையைத் தொட்டு உட்கார்ந்துவிடும். அடுத்து அதைவிடக் குட்டையான கயிற்றில் உள்ளது. ஒவ்வொன்றாகக் கற்கள் உட்கார, எதிர்ப்பாரம் குறைந்துகொண்டே வரும். வலை முழுவதும் மேலே வந்து நிற்கும்போது இரு பக்கமும் ஏறக்குறைய சமம். மறுபடி ஒரு ஆள் மரத்தில் நடந்தால் வலை இறங்கிவிடும். நெம்புகோலின் பாரம் ஒவ்வொரு நொடியும் மாறுகிறது, அதற்கேற்ப எதிர்ப்பாரமும் தானாக மாறிக்கொள்கிறது. மோட்டார் இல்லை, சக்கரம் இல்லை. சில இடங்களில் மரத்துக்குப் பதில் இரும்புக் குழாய் வந்துவிட்டாலும் கற்களின் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

வலை ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று புரிந்துகொள்ள, அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் காயலைப் பார்க்க வேண்டும். வேம்பநாட்டுக் காயல் இருநூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து கிடக்கிறது. பெரியாறு, மூவாற்றுப்புழை, மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் என்று ஆறு ஆறுகளின் நீர் இந்தக் காயல்களில் வந்து சேருகிறது. இவ்வளவு தண்ணீரும் கடலோடு பேசுவதற்குப் பெரிய வாசல் கொச்சி முகத்துவாரம்தான். அதன் அகலம் அரை கிலோமீட்டர்கூட இல்லை. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய முசிறித் துறையை மண்மூட வைத்து, இந்த வாசலை அகலத் திறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

கொச்சியில் கடல் ஏறி இறங்குவது பெரிய அளவில் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஒரு மீட்டர் அளவுதான். குஜராத்தின் பாவ்நகர்ப் பக்கம் பத்து மீட்டர் ஏறும். ஆனால் இந்த ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு அந்தப் பெரிய காயலுக்குள் போக வேண்டிய தண்ணீர் முழுவதும் ஒரு குறுகலான கழுத்து வழியாகப் போக வேண்டும். அதனால் முகத்துவாரத்தில் நீர் ஓட்டமாக ஓடுகிறது. ஃபோர்ட் கொச்சிப் பக்கமும் எதிரே வைப்பின் பக்கமும் சீனவலைகள் வரிசை கட்டி நிற்பது இந்தக் கழுத்தின் இரு கரைகளில்தான். சந்திரன் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருவதால், ஏற்றமும் ஒவ்வொரு நாளும் அவ்வளவு தள்ளிப்போகும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே 12 மணி 25 நிமிடம். இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரம் இருக்காது. நாளுக்கு ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சேட்டனிடம் இதைச் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு அது பத்து வயதிலிருந்து தெரியும்.

ஏற்றத்தின் முதல் அரை மணியில் வலையில் ஏறியது பெரும்பாலும் ஆகாயத்தாமரை. வேர் வேராக, கறுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட. ஒருவர் நீளக் கழியால் அதைத் தள்ளித் தள்ளி வெளியே விட்டார். மழைக்காலத்தில் காயலில் நல்ல தண்ணீர் நிறைந்திருக்கும்போது இது பச்சைப் பசேலென்று பெருகும். ஆற்றில் நீர் குறையக் குறைய, கடல்நீர் அடியில் நுழைந்து உள்ளே போகும். ஒரு கன மீட்டர் நல்ல தண்ணீரைவிட அதே அளவு கடல்நீர் 25 கிலோவுக்குக் குறையாமல் அதிக எடை. அதனால் அது ஆப்பு மாதிரி அடித்தளத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது. மேலே ஆற்றுநீர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே, கீழே கடல்நீர் காயலுக்குள் வந்துகொண்டிருக்கலாம். டிசம்பரில் இந்த ஆப்பு நன்றாக உள்ளே போய்விடும். உப்பு பட்டதும் ஆகாயத்தாமரை வாடிக் கறுக்கும். வலைக்காரர்களுக்கு அந்தக் கறுப்பு வேர் ஒரு செய்தி. உப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் உப்பு இன்னும் ஏறியதும் கும்பளங்கிப் பக்கத்துக் காயலில் இரவில் தண்ணீரைக் கலக்கினால் நீலமாக மின்னும். ஊர்க்காரர்கள் அதைக் கவரு என்கிறார்கள். 2019-ல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படம் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும்.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது. வலையில் அன்று வடிந்த தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீர்?

அரபிக்கடல் பொதுவாக உப்பு அதிகமான கடல். சுற்றிலும் பாலைவனம், மழை குறைவு, ஆவியாவது அதிகம். ஒரு கிலோ கடல்நீரில் 36 கிராம் உப்புகூட இருக்கும். வங்காள விரிகுடா அப்படியில்லை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி என்று அத்தனை ஆறுகளும், மேலே கொட்டும் மழையும் சேர்ந்து அதன் மேற்பரப்பின் உப்பைக் குறைத்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது, கிழக்குக் கரையை ஒட்டிக் கடல் ஒரு ஆறு மாதிரி வடக்கிலிருந்து தெற்கே ஓடும். குமரி, நெல்லைக் கரைகளில் கடலோட்டத்தை நீவாடு என்பார்கள். இந்த நீவாடு ஆந்திரக் கரை, சென்னை, கடலூர், நாகப்பட்டினம் என்று இறங்கி, இலங்கையின் கிழக்குக் கரை வழியாக அதன் தென்முனையைச் சுற்றுகிறது. பிறகு மேற்கே திரும்பி, குமரி முனைக்கும் மாலத்தீவுக்கும் இடையே நுழைந்து, கேரளக் கரையை ஒட்டி வடக்கே ஏறுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குக் கரையில் கடல் வடக்கு நோக்கி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்கழியில் கொச்சிக்கு அப்பால் கடலில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டால், அதில் நம் கரையைத் தொட்டுப்போன மழைத்தண்ணீரும் கொஞ்சம் கலந்திருக்கும். கொல்லிடம் வழியாகப் போனது, அடையாற்றில் கலந்தது, கோதாவரியில் வந்தது எல்லாம் அந்தக் கூட்டத்தில் உண்டு. மட்டாஞ்சேரியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் குடியிருக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சி வண்ணான் துறையில் இன்றும் தமிழ் கேட்கும். அவர்களுக்கெல்லாம் முன்னாலிருந்தே ஆண்டுதோறும் நம் கடல் அங்கே போய் வந்துகொண்டிருக்கிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் 1947-ல் தொடங்கப்பட்டு, மண்டபத்தில் இயங்கி, 1971-ல்தான் கொச்சிக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்டது. அதுவும் ஏறக்குறைய அந்த நீவாட்டின் வழியில்தான் போயிருக்கிறது.

இந்த விருந்தாளித் தண்ணீர் அங்கே போய்ச் செய்யும் வேலை விசித்திரமானது. உப்பு குறைந்ததால் அது எடை குறைவு. அரபிக்கடலின் உப்புத் தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரிப் பரவி நிற்கும். மேலே பனிக்கால இரவுகளில் அதன் வெப்பம் வானத்துக்குப் போகிறது, கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் அதை ஆற வைக்கிறது. சாதாரணமாகத் தண்ணீர் ஆறினால் எடை கூடிக் கீழே போகும், கீழேயிருப்பது மேலே வரும். இங்கே மேல்தண்ணீர் ஆறினாலும், உப்புக் குறைவால் வந்த இலேசுத்தன்மை அதைக் கீழே இறங்க விடுவதில்லை. அதனால் டிசம்பர், ஜனவரியில் கேரளத்துக்கும் லட்சத்தீவுக்கும் இடைப்பட்ட கடலில் மேற்பரப்பைவிட அதற்குக் கீழே இருக்கும் நீர் அரை டிகிரி, ஒரு டிகிரி அதிகச் சூடாக இருப்பதைக் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆழம் போகப் போகக் கடல் குளிரும் என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கே பல மீட்டர் ஆழத்துக்கு அந்தப் பாடம் தலைகீழாகிறது.

அந்தக் கீழ்ச்சூடு போர்வைக்குள் வைத்த பானைச் சோறு மாதிரி அங்கேயே தங்குகிறது. மார்ச், ஏப்ரல் வெயிலும் மெல்லிய மேற்படலத்திலேயே சேர்ந்து, மே மாதத்தில் அந்தப் பகுதி 30 டிகிரியைத் தாண்டிவிடும். உலகத்திலேயே அதிகச் சூடான கடற்பரப்புகளில் ஒன்றாக அது அப்போது இருக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் அரபிக்கடலில் எழும் சுழல்களுக்கு இந்தச் சூடு துணைசெய்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐப்பசியில் நம் கரையில் பெய்த மழைக்கும், ஆனியில் குற்றாலத்தில் விழும் சாரலுக்கும் நடுவே கொச்சிக் கடல் வழியாக ஒரு நூல் ஓடுகிறது.

பருவம் மாறினால் ஓட்டமும் திரும்பிவிடும். 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களோடு கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கரையில் வெள்ளையாகக் குவிந்தன. பிறகு கன்னியாகுமரி, அதற்கும் பிறகு தனுஷ்கோடி மணலிலும் ஒதுங்கின. பருவக்காற்றின் காலத்தில் மேற்குக் கரையோட்டம் தெற்கே பாயும் என்பதற்கு இதைவிட வேதனையான செயல்விளக்கம் வேண்டியதில்லை. கொச்சிக்கு அப்பால் கொட்டியதை ராமேசுவரத்து மணலிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது.

எட்டரை மணிக்கு வலையின் நடுவில் விளக்கை இறக்கினார்கள். அந்திக்குப் பிறகு கடலில் மிதக்கும் சிற்றுயிர்கள் ஆழத்திலிருந்து மேலே வரும், பொழுது விடியும்போது கீழே போய்விடும். பகலில் தம்மைத் தின்னும் மீன்களின் கண்ணில் படாமல் இருப்பதற்காக அவை நாள்தோறும் செய்யும் பயணம் இது. வெளிச்சம் எவ்வளவு என்பதுதான் அவற்றுக்கு ஆழத்தைச் சொல்லும். இருட்டில் ஒற்றை விளக்கு எரிந்தால் அந்தக் கணக்கு குழம்பி அதைச் சுற்றியே மொய்க்கும். மொய்ப்பதைத் தின்னக் குட்டிக் காரல் வரும், நந்தன் வரும். அவற்றின் பின்னால் கொடுவா வரலாம். பௌர்ணமியில் வானமே வெளிச்சமாக இருப்பதால் விளக்கின் இழுப்பு குறையும். ஆனால் அன்று நீரோட்டம் பலமாக இருக்கும். ஒன்றில் போவது இன்னொன்றில் வரும் என்றார் வலையில் இளையவர்.

அந்த வெளிச்ச வட்டத்தில் நான் குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் தூசி மாதிரி ஆயிரக்கணக்கான துளிகள் துடித்தன. சில துளிகளுக்குக் கண் இருந்தது, இரண்டு சிவந்த புள்ளிகள். இறால் குஞ்சுகள்.

கடல் இறால்களின் வாழ்க்கை எனக்கு எப்போதும் வியப்பு. மலையாளிகள் நாரன் என்றும் நாம் வெள்ளை இறால் என்றும் சொல்வது கடலுக்குள் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரித்து, சில வாரங்களில் பல உருவம் மாறி, அரிசி மணி அளவே உள்ள ஒரு குட்டி இறாலாகும். அது வளர வேண்டிய இடம் காயல். அங்கே சேறு உண்டு, உணவு உண்டு, பெரிய மீன்களிடமிருந்து ஒளிய இடம் உண்டு. ஆனால் அரிசி மணி அளவு உடம்பால் ஓட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது. அதனால் அது ஒரு உபாயம் செய்கிறது. ஏற்றம் வரும்போது எழும்பி மேல்நீரில் மிதக்கும், தண்ணீர் அதைக் காயலை நோக்கிச் சுமந்து போகும். இறக்கம் தொடங்கியதும் அடித்தரைக்குப் போய்ச் சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். தரையின் உராய்வால் அங்கே ஓட்டம் மெதுவாக இருக்கும். மறுபடி ஏற்றம் வந்தால் மறுபடி மேலே. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படி ஏறி இறங்கி, சில நாட்களில் பல கிலோமீட்டர் உள்ளே போய்விடும். உப்பும் நீரின் அழுத்தமும் மாறுவதை உணர்ந்து அது இதைச் செய்கிறது என்று இறால்களை வைத்து நடத்திய சோதனைகள் காட்டியிருக்கின்றன. சேட்டன் நாரைப் போட்டுத் தெரிந்துகொண்டதை அந்தக் குஞ்சு உடம்பாலேயே தெரிந்துகொள்கிறது.

சில மாதம் காயலில் வளர்ந்த இறால் மறுபடி கடலுக்குக் கிளம்பும். இப்போது வழி தலைகீழ். இறக்கத்தோடு, இரவில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி. இதை நன்றாகத் தெரிந்துகொண்டு எர்ணாகுளத்து மக்கள் ஒரு வேளாண்மையையே கட்டியிருக்கிறார்கள். கும்பளங்கி, கடமக்குடி, ஏழிக்கரை, செல்லானம் பக்கத்து வயல்களில் ஜூன் முதல் அக்டோபர் வரை பொக்காளி நெல் விளையும். உப்பைத் தாங்கும் உயரமான நெல், 2008-ல் புவிசார் குறியீடு பெற்றது. அறுவடையில் கதிரை மட்டும் அரிந்துகொண்டு தாளை வயலிலேயே விட்டுவிடுவார்கள். நவம்பர் பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை அதே வயல் இறால் பண்ணை. ஏற்றத்தின்போது இரவில் தூம்பைத் திறந்து, வாயில் விளக்கு வைத்துக் குஞ்சுகளை உள்ளே வரவிடுவார்கள். நம் ஏரிகளில் நீர் வெளியேறும் வழிக்குச் சொல்லும் அதே தூம்புதான். அழுகும் தாளில் பெருகும் நுண்ணுயிர்களைத் தின்று இறால் வளரும். மார்கழியிலிருந்து, தக்கம் என்று அவர்கள் சொல்லும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில், இறக்கத்தில் தூம்பு வாயில் கூம்பு வலை கட்டிப் பிடிப்பார்கள். உரம் போடுவதில்லை, தீவனம் போடுவதில்லை. இறாலின் எச்சமே அடுத்த நெல்லுக்கு உரம். இவ்வளவு அறிவோடு செய்யப்படும் இந்த வேளாண்மையின் பரப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருவது மனதை உறுத்துகிறது.

தண்ணீர் வருவது எப்போதும் வரமாக இருப்பதில்லை. விருச்சிகம், அதாவது நம் கார்த்திகை, வந்தால் வைப்பினிலும் கும்பளங்கியிலும் ஏழிக்கரையிலும் வீடுகளுக்குள் காயல் ஏறுகிறது. விருச்சிக வேலியேற்றம் என்பது அங்கே பழைய சொல்தான். முற்றத்தோடு நின்றது இப்போது சமையலறைக்கு வருகிறது. நான் போன ஒரு வீட்டில் கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்திருந்தார்கள். சுவர்ப் பூச்சு முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்து, விரல் பட்டால் மாவாக உதிர்ந்தது. “நாலு நாள் வந்து போகும் தம்பி, ஆனா உப்பு போகாது” என்றார் அந்த வீட்டு அம்மா. சேலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அந்த மாதங்களில் கடல்மட்டமே கொச்சிக் கரையில் உயர்ந்து நிற்கும். வங்கத்திலிருந்து வந்த உப்புக் குறைந்த நீர் கரையை ஒட்டிச் சேருவதும் அதற்கு ஒரு காரணம். அதன்மேல் அமாவாசை ஏற்றமும் சேர்ந்தால் தண்ணீர் வரம்பு தாண்டும். உலகக் கடல்மட்டமும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் பரவ முன்பு இடம் தந்த காயலும் வாய்க்கால்களும் சேறு மூடிக் கிடக்கின்றன. 2018 பெருவெள்ளம் கொண்டுவந்து போட்ட மண்ணை இன்னும் அள்ளவில்லை என்பது அந்த ஊர்களில் எங்கும் கேட்கும் குறை.

மனிதர்கள் இந்த வாசலில் நிறைய மாற்றம் செய்திருக்கிறார்கள். 1920-ல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல்திட்டை வெட்டிக் கால்வாய் எடுத்தார். 1928 மே 26-ல் ‘பத்மா’ என்ற கப்பல் முதன்முதலாக உள்ளே வந்தது. அள்ளிய சேற்றைக் கொட்டி எழுந்ததுதான் வெலிங்டன் தீவு. 2011-ல் வல்லார்பாடம் கொள்கலன் முனையம் வந்தபோது கால்வாய் இன்னும் ஆழமானது. அந்த ஆழத்தைக் காக்க ஓயாமல் தூர்வார வேண்டும். தெற்கே, குட்டநாட்டின் நெல்லை உப்பிலிருந்து காக்க 1970-களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை வந்தது. டிசம்பர் வாக்கில் அதன் கதவுகளை மூடுவார்கள். கடல்மட்டத்துக்குக் கீழே உழவு செய்கிற குட்டநாட்டு விவசாயிக்கு அது உயிர். ஏற்றத்தில் ஏறி ஏறிப் போன அந்த அரிசி மணி இறாலுக்கு அங்கே வழி முடிந்துவிடுகிறது. இரண்டையும் காப்பாற்றும்படி கதவுகளைத் திறக்கும் நாட்களைக் குறிக்க முடியும் என்றுதான் நான் நம்புகிறேன். மீனவர்களும் நீண்ட நாளாக அதைத்தான் கேட்கிறார்கள்.

பத்து மணி சுமாருக்கு நானும் கயிறு பிடித்தேன். ஐந்து பேரின் கை ஒரே மூச்சில் போகும்போது கயிறு தானாக வருவது மாதிரி இருந்தது. பின்னால் ஒவ்வொரு கல்லாகத் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. வலையின் நான்கு முனைகளும் எழுந்து, நடுவில் தண்ணீர் வெள்ளிப் பொட்டலம் மாதிரித் தொங்கி, வடிந்தது. அடியில் மிஞ்சியது இரண்டு கை நிறையப் பூவாலன் இறால், ஏழெட்டு மடவை, தட்டையாகப் பளபளக்கும் காரல் கொஞ்சம், ஒரு நீல நண்டு, ஊதிக்கொண்ட ஒரு பேத்தை. கூடவே ஒரு பால் கவரும். பேத்தையைச் சேட்டன் இரண்டு விரலால் எடுத்துத் தண்ணீரில் போட்டார், அது தொப்பென்று விழுந்து கொஞ்ச நேரம் பந்து மாதிரி மிதந்து பிறகு காற்றை விட்டு மூழ்கியது. பால் கவரைக் கல்லுக்கு அடியில் செருகி வைத்தார். தோண்டி வலையால் மீனை அள்ளிக் கூடையில் போட்டதும் ஒருவர் மரத்தின்மேல் நடந்தார். வலை மறுபடி இறங்கியது.

நள்ளிரவு வரை பதினைந்து, இருபது முறை ஏற்றியிருப்பார்கள். கூடை முக்கால் நிறைந்திருந்தது. தரைக்காற்று நன்றாக வீசத் தொடங்க, என் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். சேட்டன் தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பலகை இடுக்கிலிருந்து இன்னொரு துண்டு நாரைப் பிய்த்துப் போட்டார். விளக்கு வெளிச்சத்தில் அது அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அது மெல்ல மேற்கே, கடலை நோக்கித் தலையைத் திருப்பியது.